ஆறு ஆண்டு வளர்த்த பூனை திடீரென்று பாய்ந்து கடிக்கிறது: என்ன செய்வது?

மாம்பலம் மாடிவீடு
செவ்வாய், இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படிப்பவளாக மட்டுமே இருந்தேன்; இன்று எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் நானும் கணவரும் என் அம்மாவும் இரண்டு பூனைகளுடன் வசிக்கிறோம். மிளகு சாம்பல் நிறக் கடுவன், 6 வயது. சீரகம் 3 வயதுப் பெட்டை. இரண்டுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. இரண்டும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. தெருமுனைத் தேங்காய்க் கடையின் சாக்குகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தவன் மிளகு. இந்த ஆறு ஆண்டுகளில் அவன் யாரையும் ஒருமுறைகூடப் பிறாண்டியதில்லை. அம்மா உட்காரும் சாய்வு நாற்காலிக்குக் கீழேதான் அவனுடைய பகல் தூக்கம்.

இன்று மாலை ஏழு மணி இருக்கும். அம்மா பால்கனிக் கண்ணாடிக் கதவருகில் விளக்கேற்றி வைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பிய கணத்தில் மிளகு அவருடைய கெண்டைக்காலில் பாய்ந்து கடித்தான். கடித்த இடத்தை விடாமல் முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு பின்னங்கால்களால் உதைத்தான். விலக்கப் போன என் மணிக்கட்டிலும் பல் பதிந்து இரத்தம் வந்தது. பிறகு சோபாவுக்கு அடியில் புகுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உறுமிக்கொண்டே இருந்தான். கண்கள் முழுக்கக் கருமையாக இருந்தன. அவனை நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய் உண்டு. காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். இனி இவனை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று கணவர் உறுதியாகச் சொல்கிறார். அம்மாவோ, வலியோடு படுத்துக்கொண்டு, பிள்ளை சாப்பிட்டானா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் இருவருக்கும் இடையில் நிற்கிறேன். ஏன் இப்படி நடந்தது, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசி
செவ்வாய், இரவு 11.10

சகோதரி, பூனையைப் பற்றி நாளை பேசலாம். முதலில் காயத்தைக் கவனியுங்கள். அம்மாவின் கட்டை இப்போதே அவிழ்த்து, மஞ்சளைக் கழுவிவிட்டு, ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். உங்கள் மணிக்கட்டையும் அப்படியே கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள், ஏனென்றால் நின்று செய்யும்போது 15 நிமிடம் மிக நீண்டதாக இருக்கும். பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.

இரண்டு காரணங்களுக்காக இதைச் சொல்கிறேன். பூனையின் கோரைப்பல் ஊசிபோல் மெல்லியது. வெளியே பொட்டுப்போல் ஒரு துளை மட்டும் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். பூனைகளின் வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்டியூரெல்லா என்ற பாக்டீரியா அந்த ஆழத்தில் தங்கிவிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளாகவே அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறிவிடும். நாய்க்கடியை விடப் பூனைக்கடி சீழ்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். மணிக்கட்டு மூட்டும் நரம்பும் நெருங்கியிருக்கும் இடம், அம்மாவுக்கோ சர்க்கரை நோய். ஆகவே இரண்டு காயங்களுமே மருத்துவர் பார்த்தே ஆக வேண்டியவை.

இரண்டாவது காரணம் ரேபிஸ். அதை வெறிநாய்க்கடி நோய் என்று சொல்லிப் பழகிவிட்டதால் நாய்க்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பூனையிடமிருந்தும் அது பரவும். தோலைக் கிழித்து இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்தப் புரதமான இம்யூனோகுளோபுலினையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். காலையில் முதல் வேலையாக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே இவை இலவசம். மிளகுக்குக் கடைசியாக எப்போது ரேபிஸ் ஊசி போட்டீர்கள் என்று அட்டையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு அவனைத் தேடிப் போகாதீர்கள், தூக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். ஓர் அறையில் தண்ணீரும் மண் பெட்டியும் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, அவனாக உள்ளே போனதும் கதவைச் சாத்துங்கள். சீரகத்தைத் தனியாக வையுங்கள்.

குரோம்பேட்டை 44
செவ்வாய், இரவு 11.35

நான் கடுமையாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் அத்தையைப் பூனை கடித்துக் கை வீங்கி, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். வயதானவர் இருக்கும் வீட்டில் ஒருமுறை கடித்த பூனையை வைத்திருப்பது சரியல்ல. கோயம்பேடு சந்தைப் பக்கம் விட்டுவிட்டால் எலிக்கும் மீன் கழிவுக்கும் குறைவிருக்காது, அது பிழைத்துக்கொள்ளும். முதலில் அம்மாவைப் பாருங்கள்.

பெரம்பூர் வாசி
செவ்வாய், இரவு 11.50

உங்கள் அத்தை பட்டது பெரிய துன்பம்; அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த யோசனையை யாரும் பின்பற்றக் கூடாது. ஆறு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு லாரியும் தெரியாது, தெரு நாயும் தெரியாது, அது பிழைத்துக்கொள்ளாது. வளர்த்த விலங்கைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எல்லாவற்றையும் விட, அம்மாவின் பாதுகாப்புக்காகவே பூனை அடுத்த பத்து நாளும் கண் முன்னால் இருக்க வேண்டும். கடித்த நாயோ பூனையோ 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். விட்டுவிட்டால் அந்த உறுதி என்றைக்கும் கிடைக்காது.

மாம்பலம் மாடிவீடு
புதன், பிற்பகல் 2.20

இரவே கழுவினோம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. காலையில் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு தனியார் கிளினிக்குக்கு முதலில் போனோம். வீட்டுப் பூனைதானே, டெட்டனஸ் ஊசி போதும் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் எழுதியது நினைவிலிருந்ததால் அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போனோம். இரத்தம் வந்த கடி என்பதால் இருவருக்கும் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தோலுக்குள் தடுப்பூசியும் போட்டார்கள். இன்றைய நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28ஆம் நாள்களில் நான்கு தவணை. அம்மாவின் கால் காலையிலேயே சிவந்திருந்ததால் கிருமிக்கொல்லி மாத்திரையும் தந்திருக்கிறார்கள்.

மிளகின் அட்டையைப் பார்த்தேன். கடைசி ரேபிஸ் ஊசி போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெளியே போகாத பூனைதானே என்று விட்டுவிட்டேன். அதை எண்ணி நேற்றிரவு முழுக்கத் தூங்கவில்லை.

இப்போது மிளகு சிறிய அறையில் இருக்கிறான். காலையில் கதவுக்கு வெளியே என் குரல் கேட்டதும் வழக்கம்போல் கத்தினான். நேற்று நடந்தது எதுவும் நினைவில் இல்லாதவன் போலிருக்கிறான். இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

வேப்பேரி மாணவி
புதன், மாலை 5.40

நான் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பூனையை நேரில் பார்க்காமல் நோய் சொல்லக் கூடாது. ஆகவே சில கேள்விகள் கேட்கிறேன், பொறுமையாக நினைவுபடுத்திப் பதில் சொல்லுங்கள்.

அதற்கு முன் ரேபிஸ் பற்றி ஒரு வார்த்தை. வெளியே போகாத, முன்பு ஊசி போட்டுள்ள பூனைக்கு அது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் 10 நாள் கண்காணிப்பு தேவை. விழுங்க முடியாமல் எச்சில் வடிவது, குரல் மாறுவது, தள்ளாடுவது, எதைப் பார்த்தாலும் பாய்வது, திடீரென்று முற்றிலும் ஒடுங்கிவிடுவது ஆகிய எது தெரிந்தாலும் தொடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். கண்காணிப்பு முடியும்வரை பூனைக்கு ரேபிஸ் ஊசி போடுவதையும் தள்ளி வையுங்கள். ஊசியால் வரும் சோர்வையும் நோயின் அறிகுறியையும் பிரித்தறிய முடியாமல் போகும்.

இப்போது கேள்விகள். கடிப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம் மிளகு எங்கே, எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? அண்மையில் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ என்ன மாறியிருக்கிறது? புதிய ஆள், புதிய வாசனை, கட்டட வேலை, வேறு விலங்கு எதுவானாலும் சொல்லுங்கள். அவன் சாப்பிடும் முறை, உறங்கும் இடம், ஏறிக் குதிக்கும் உயரம் ஆகியவற்றில் மாற்றம் உண்டா? மண் பெட்டியில் சிறுநீர் கழிக்கும்போது முக்குகிறானா, கத்துகிறானா? கடைசிக் கேள்விக்குப் பதில் ஆம் என்றால் மற்றவற்றை விட்டுவிட்டு இந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வயிற்றைத் தொட்டாலே கடிக்கும் அளவுக்கு அது வலிக்கும்.

மாம்பலம் மாடிவீடு
புதன், இரவு 9.30

சிறுநீர் வழக்கம்போல்தான் கழிக்கிறான். மற்றக் கேள்விகளுக்கு அம்மாவும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். யோசிக்க யோசிக்க எனக்கே வியப்பாக இருக்கிறது.

மழை தொடங்கியதிலிருந்து எங்கள் மாடிப்படியில் ஒரு செம்பட்டைக் கடுவன் வந்து தங்குகிறது. மாலையானால் பக்கத்து வீட்டுச் சன்னலின் மேலுள்ள மழைத்தடுப்பில் ஏறி எங்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டு உட்காரும். மிளகு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்ப்பான். வேடிக்கை பார்க்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நான் அதைப் படம்கூட எடுத்திருக்கிறேன். நேற்றும் அந்த நேரத்தில் அங்கேதான் இருந்தான் என்று அம்மா சொல்கிறார். சில நாளாகப் பால்கனியில் ஒரு துர்நாற்றமும் இருந்தது. பினாயில் ஊற்றிக் கழுவினோம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒரு மாதமாகக் காய்ந்த தீனியை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடுகிறான். சலித்துவிட்டது போலும் என்று குழம்பாக இருக்கும் தீனிக்கு மாற்றினேன்; அதைச் சாப்பிடுகிறான், ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாப்பிடுகிறான். கன்னத்தைத் தடவினால் முன்போல் முட்டுவதில்லை, விலகிவிடுகிறான்.

வேப்பேரி மாணவி
புதன், இரவு 10.45

நீங்கள் எழுதியதில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்பது என் ஊகம்.

முதலாவது, திசைமாறிய சினம். தன் எல்லைக்குள் வந்த கடுவனைப் பார்த்தால் பூனையின் உடல் முழுதும் சண்டைக்குத் தயாராகிவிடுகிறது: கண்மணி விரியும், காது பக்கவாட்டில் திரும்பும், முதுகுத் தோல் அலைபோல் சிலிர்க்கும், வால்நுனி தரையில் அடிக்கும். எதிரியோ கண்ணாடிக்கு அப்பால்; எட்ட முடியாது. அந்தக் கணத்தில் அருகில் அசைவது எதுவோ அதன்மேல் சினம் இறங்கிவிடுகிறது. அம்மா செய்த தவறு எதுவுமில்லை. அவர் அந்த இடத்தில் அப்போது திரும்பினார், அவ்வளவுதான். இந்தக் கொதிப்பு அடங்கச் சில பூனைகளுக்கு ஒரு மணி நேரம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு நாளும் அதற்கு மேலும்கூட ஆகும். அடங்கியபின் அவை பழையபடி இருக்கும். நீங்கள் காலையில் கண்டது அதைத்தான். கண்ணாடி முன் அசையாமல் உட்காருவதை வேடிக்கை என்று நினைப்பது நம்மில் பலர் செய்வது. அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள், காதும் வாலும் எப்படி இருக்கின்றன என்று தெரியும்.

துர்நாற்றம் அந்தக் கடுவன் தெளித்த சிறுநீராக இருக்கலாம். அது மிளகுக்கு நாள் முழுதும் எல்லைச் சண்டைக்கான அழைப்பு. ஆனால் பினாயில் வேண்டாம். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது உள்ளே போகும். சிறுநீர்க் கறைக்கென்று விற்கும் நொதி கலந்த திரவத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது சாதாரணச் சோப்பு நீரில் பலமுறை கழுவுங்கள்.

இரண்டாவது, வாயில் வலி. தீனியைக் கீழே போடுவது, ஒரு பக்கமாக மெல்லுவது, கன்னத்தைத் தொடவிடாதது ஆகிய மூன்றும் பல்லைக் காட்டுகின்றன. பூனைகளுக்குப் பல் உள்ளுக்குள்ளேயே கரைந்து குழியாகும் நோய் பரவலாக வரும். ஈறோரத்தில் சிறு சிவப்புப் புள்ளியாகத் தெரியும், நரம்பு வரை வலிக்கும். பூனை வலியைச் சொல்லாது, மறைக்கும். ஒரு மாதமாக வலியோடிருக்கும் உயிருக்குப் பொறுமை குறைந்துபோவது இயல்பு. செம்பட்டைப் பூனையைக் கண்டு முன்பு உறுமலோடு நின்றிருக்கக்கூடியது இப்போது கடியாகியிருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடையாறு தோட்டம்
வியாழன், காலை 7.15

மாணவி சொல்வதை நான் அனுபவத்தில் உறுதிப்படுத்துகிறேன். எங்கள் வீட்டுப் பெட்டைப் பூனைக்கு 13 வயதானபோது இரவெல்லாம் கத்தத் தொடங்கினாள், தூக்கினால் கடித்தாள், வயதான கோபம் என்று விட்டுவிட்டோம். முன்பைவிட அதிகமாகத் தின்றாள், ஆனால் எலும்பும் தோலுமானாள். இரத்தத்தில் தைராய்டு அளவு மிக உயர்ந்திருந்தது. இரத்த அழுத்தமும் கூடவே. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் பழைய குணம் திரும்பிவிட்டது. பத்து வயதைக் கடந்த பூனை குணம் மாறினால் தைராய்டு, இரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், மூட்டு வலியையும் மறக்காதீர்கள். மிளகுக்கு 6 வயதுதான் என்றாலும் இதை எழுதுகிறேன், வேறு யாருக்கேனும் உதவும்.

வேளச்சேரி ஏரிக்கரை
வியாழன், காலை 9.00

மிளகுக்கு வலி என்றால் மருத்துவரிடம் போகும்வரை குழந்தைகளுக்குத் தரும் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொஞ்சம் தரலாமா? மீண்டும் பாய வந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்தால் பயந்து நிற்கும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வேப்பேரி மாணவி
வியாழன், காலை 9.20

இதைப் படிக்கும் அனைவரும் தயவுசெய்து மனத்தில் நிறுத்துங்கள்: பூனைக்குப் பாராசிட்டமால் நஞ்சு. துளியளவும் தரக் கூடாது. பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும், ஈறு நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். தவறுதலாகத் தந்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனிதருக்கான வேறு எந்த வலி மாத்திரையும் அப்படித்தான். மருத்துவர் எழுதித் தராமல் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் தெளிப்பது, அடிப்பது, கத்துவது, கழுத்தைப் பிடித்து அழுத்துவது எல்லாமே கொதிப்பைக் கூட்டும். செம்பட்டைப் பூனை தெரிகிற அதே நேரத்தில் உங்களிடமிருந்தும் துன்பம் வந்தால், அந்த மாலை நேரமே தனக்கு ஆபத்தான நேரம் என்று அது கற்றுக்கொள்ளும். பாய வரும் பூனைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தலையணையையோ அட்டையையோ பிடித்துக்கொண்டு, ஓடாமல், மெதுவாகப் பின்வாங்கி, கதவைச் சாத்துவதுதான் சரி.

பெரம்பூர் வாசி
வியாழன், பிற்பகல் 1.05

மழைக்காலம் பற்றி மாம்பலம் சகோதரி எழுதியது உண்மை. ஐப்பசி கார்த்திகையில் தெருப்பூனைகள் ஈரமில்லாத இடம் தேடி மாடிப்படிக்கு ஏறிவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மாடிப்படியில் ஒரே நேரத்தில் நான்கு பூனைகள் ஒதுங்கின. வீட்டுக்குள்ளிருந்த என் இரண்டு பூனைகளும் கதவிடுக்கில் மோப்பம் பிடித்துப் பிடித்து, கடைசியில் ஒன்றையொன்று கட்டிப் புரண்டு கடித்துக்கொண்டன. உடன்பிறந்த அவை அதுவரை ஒரே கூடையில் உறங்கியவை. மறுபடி ஒரே அறையில் இருக்க ஏழு வாரம் ஆயிற்று. தீபாவளி வெடியும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே கண்ணாடிக் கதவின் அடிப்பகுதியை இன்றே மறையுங்கள். இரண்டரை அடி உயரத்துக்கு மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டினால் வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் செய்துவிடாதீர்கள். வேறு பக்கச் சன்னலில் உயரமான பலகை ஒன்று வையுங்கள், காகத்தையும் புறாவையும் பார்க்கட்டும்.

அந்தச் செம்பட்டையை யாரும் விரட்டி அடிக்க வேண்டாம். அதை அடித்து விரட்டினால் அடுத்த வாரம் வேறொரு கடுவன் அந்த இடத்துக்கு வரும். அதற்குக் கருத்தடை செய்து அதே தெருவில் விட்டால் சில வாரங்களில் அலைவதும் தெளிப்பதும் சண்டையும் பெரிதும் குறையும். இடத்தையும் அது காத்துக்கொள்ளும். 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு நம் ஊரிலேயே இருக்கிறது; அங்கே கேட்டுப் பாருங்கள்.

மாம்பலம் மாடிவீடு
சனி, இரவு 8.15

மிளகை மருத்துவரிடம் காட்டிவிட்டோம். முன்பு கூடையைப் பரணிலிருந்து இறக்கினாலே ஒளிந்துகொள்வான்; மாணவி தனியாகச் சொன்னபடி வியாழக்கிழமையே கூடையைத் திறந்து அவன் அறையில் வைத்து, உள்ளே என் பழைய துணியைப் போட்டிருந்தேன். மருத்துவர் தொலைபேசியில் விவரம் கேட்டு, பயத்தைக் குறைக்கும் காபாபென்டின் மாத்திரையைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தரச் சொன்னார். ஆட்டோவில் சத்தமே இல்லாமல் வந்தான்.

கீழ்த்தாடையில் இடப்பக்க முன்கடைவாய்ப்பல்லின் ஈறோரம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. மருத்துவர் பஞ்சுக்குச்சியால் இலேசாகத் தொட்டதும் தாடை கிடுகிடுவென்று நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஒரு மாதம் இந்த வலியோடு அவன் என் பக்கத்தில் படுத்திருக்கிறான், நான் தீனி சலித்துவிட்டது என்று கடைக்குப் போய் வேறு தீனி வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடித்த 10 நாள் கணக்கு முடிந்தபிறகு மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். அதுவரை பூனைக்கு உரிய வலி மருந்து தந்திருக்கிறார். கணவரும் உடன் வந்தார். தாடை நடுங்கியதை அவரும் பார்த்தார். திரும்பும் வழியில் அவரே கடையில் நிறுத்தி ஒட்டுத்தாள் வாங்கினார்.

குரோம்பேட்டை 44
சனி, இரவு 9.00

நான் அன்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பல் வலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

மாம்பலம் மாடிவீடு
சனி, இரவு 9.10

சிவப்பு வடிந்துவிட்டது, நடக்கிறார். விசாரித்ததற்கு நன்றி, அண்ணா.

மாம்பலம் மாடிவீடு
அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள், இரவு 10.00

புதிய சிக்கலோடு வந்திருக்கிறேன். பத்து நாளும் மிளகு நலமாக இருந்தான். இன்று பல்லை எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் வேர் பாதி கரைந்திருந்தது. மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடையைத் திறந்தோம். அவன் தள்ளாடி வெளியே வந்ததும், இத்தனை நாளும் ஒரு சண்டையும் போடாத சீரகம் சீறிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தாள். கணவர் அட்டைப்பெட்டியை நடுவில் வைத்துத் தடுத்துவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் இப்போது இவளுக்கு என்ன ஆயிற்று?

வேப்பேரி மாணவி
திங்கள், இரவு 10.20

இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைகள் ஒன்றையொன்று முகத்தால் அறிவதை விட வாசனையால் அறிகின்றன. மிளகின் மேல் இன்று மருத்துவமனை, மயக்க மருந்து, வேற்று விலங்குகள் ஆகியவற்றின் வாசனை, நடையும் மாறியிருக்கிறது. சீரகத்தின் கணக்கில் வீட்டுக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான். நான் முன்பே உங்களை எச்சரித்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் பூனையை முதல் நாள் தனி அறையில்தான் இறக்க வேண்டும்.

இருவரையும் இப்போதே பிரியுங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு மோசமான சந்திப்பு பல வாரப் பிரிவாக நீளும். மிளகு உறங்கும் துணியைச் சீரகத்தின் தட்டுக்கு அடியிலும், சீரகத்தின் துணியை அவன் அறையிலும் போடுங்கள். ஒரே துண்டால் இருவரின் கன்னத்தையும் மாறி மாறித் துடையுங்கள், ஆனால் மிளகின் காயம் ஆறும்வரை அவனுக்கு நெற்றியோடு நிறுத்துங்கள். சாத்திய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள்; இருவரும் நிதானமாகச் சாப்பிடும் தொலைவிலிருந்து நாளுக்குச் சற்று நெருக்கிக்கொண்டு வாருங்கள். அதன்பின் கொசுவலைக் கதவு வழியாகச் சாப்பாடு. ஒருவர் உற்றுப் பார்த்து உறைந்து நின்றால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, மறுநாள் ஒரு படி பின்னால் போங்கள். உறுமல் இல்லாத சில நாளுக்குப் பிறகுதான் வலை திறக்கலாம். இந்தக் காலம் முழுதும் மண் பெட்டி, தண்ணீர், உயரமான இருக்கை எல்லாம் ஆளுக்கு ஒன்று தனித்தனியாக இருக்கட்டும்.

பெரம்பூர் வாசி
செவ்வாய், காலை 6.30

என் பூனைகளுக்கு ஏழு வாரம் ஆனதற்குக் காரணம் நான் மூன்றாம் நாளே கதவைத் திறந்ததுதான். அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

மாம்பலம் மாடிவீடு
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.50

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் 28ஆம் நாள் ஊசியும் முடிந்துவிட்டது. மிளகுக்கும் சீரகத்துக்கும் ரேபிஸ் ஊசி போட்டு, அடுத்த ஆண்டுத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டேன். மிளகு மறுபடி காய்ந்த தீனியைக் கடித்துத் தின்கிறான்; அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

செம்பட்டையைப் பிடித்துக் கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாகக் காதுநுனி வெட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் எங்கள் மாடிப்படியில்தான் இருக்கிறது, ஆனால் மழைத்தடுப்பில் ஏறுவது குறைந்திருக்கிறது. கணவர் அதற்குக் கீழ்ப்படியில் சாப்பாடு வைக்கிறார், மேலே வரத் தேவையில்லாதபடி.

மிளகும் சீரகமும் கொசுவலைக்கு இருபுறமும் ஒரு சாண் தொலைவில் சாப்பிடுகிறார்கள். நேற்று ஒருமுறை சீரகம் சீறினாள், ஆகவே இன்று மீண்டும் இரண்டு சாண் தள்ளிவைத்தேன். அம்மாவுக்குப் பயம் முழுதும் போகவில்லை. விளக்கேற்றப் போகும்போது ஒரு தலையணையைக் கையில் எடுத்துக்கொள்கிறார், அதுவரை மிளகை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். பகலில் அவன் பழையபடி நாற்காலிக்குக் கீழே வந்து படுக்கிறான். முதல் சில நாள் அம்மா கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று பிற்பகல் பார்த்தபோது கால்கள் கீழே இருந்தன.

ஒரு கேள்வி. மழை நின்றபிறகு கண்ணாடியில் ஒட்டிய தாளை எடுத்துவிடலாமா?

பெரம்பூர் வாசி
ஞாயிறு, இரவு 7.30

எடுக்க வேண்டாம், சகோதரி. தை மாசி வரை இருக்கட்டும். பிறகு மேலிருந்து நான்கு விரல் அகலம் மட்டும் எடுத்துப் பாருங்கள்.